பெட்ஷீட் நம்பர் 0461

ஜூன் 3, 2025 – செவ்வாய்

ஞானையா சாரின் கப்பல் அட்டவணை இன்று போனில் முழுசாகத் தெரிந்தது.

ஒன்பது பத்தி கொண்ட அட்டவணை. கப்பல் பெயர், வரும் தேதி, வந்து நிற்கும் பெர்த், சரக்கு என்று நீண்டுகொண்டே போகும். அவர் கிளியரிங் ஏஜென்ட், துறைமுகத்தில் சரக்கை விடுவித்துக் கொடுப்பவர். பத்து வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் திரையை மனசில் வைத்து யாரோ செய்து கொடுத்த இணையதளம். போனில் திறந்தால் முதல் மூன்று பத்திதான் தெரியும். மீதியை விரலால் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் டிக்சன் டிரெய்லர் ஓட்டுகிறார். தூத்துக்குடித் துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது போனை நெட்டையாகப் பிடித்து, படுக்கையாகப் பிடித்து, இரண்டு விரலால் பெரிசாக்கி, கடைசியில் பக்கத்து வண்டிக்காரரிடம் "அண்ணே, நம்ம கப்பல் எத்தனாவது பெர்த்து" என்று கேட்பார். அந்த எரிச்சலில்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். இரண்டு வருஷம் எட்டு மாதம் ஆகிறது.

இது ஒரு இணையதளத்தை உட்கார்ந்து சரிசெய்கிற வேலை இல்லை. எந்தப் பழைய தளத்தின் முகவரியைக் கொடுத்தாலும் என் நிரல் அதைத் தானே படித்து, எது முதலில் வேண்டும், எது பிறகு போதும் என்று பார்த்து, போன் அகலத்துக்குள் அடுக்கித் தந்துவிடும். யாரும் கை வைக்க வேண்டாம்.

டிக்சன் கேட்டிலிருந்து கூப்பிட்டார். "ஏளா, இழுக்காமலே தெரியுது." அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

பகவதி மாடிப்படியில் நின்றே கைதட்டினாள். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச், அப்புறம் பதினோரு வருஷமாக ஒரே ஆபீஸ். நான் உள்ளே உட்கார்ந்து எழுதுவேன், அவள் வெளியே போய்ப் பேசுவாள். எனக்கு வாய் சரியில்லை. வாடிக்கையாளர் இரண்டாம் முறை "லோகோவைப் பெரிசாக்குங்க" என்றால் சண்டை வந்துவிடும். அதனால் இந்த ஏற்பாடு.

ஜூன் 9 – திங்கள்

என் நிரலுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. பொட்டலம்.

எங்கள் ஆபீஸ் பகவதியின் அப்பா சிவனாண்டி அண்ணாச்சியின் மளிகைக் கடைக்கு மேல் மாடி. இன்னமும் பழைய ஆட்களுக்குக் காகிதத்தில் மடித்து நூல் சுற்றிப் பொட்டலமாகத்தான் தருகிறார். சாமான்களைப் பையில் அடுக்குவதற்கு முன் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்பார்: "வீட்டுக்குப் போனதும் என்னத்த அடுப்புல ஏத்துவ?" சொன்னதை மேலே வைப்பார். உளுந்து என்றால் உளுந்து மேலே. காப்பி என்றால் சீனியும் தூளும் மேலே. போன வருஷம் ஒரு நாள் வரிசையில் நிற்கும்போது அதைக் கவனித்தேன். என் நிரலும் அதைத்தானே கேட்க வேண்டும்? போனில் திறக்கிறவர் முதலில் எதைத் தேடுவார்? அதை மேலே வை. கம்பெனி வரலாறு கீழே கிடக்கட்டும். அன்றைக்குத்தான் வழி திறந்தது. பகவதியிடம் சொன்னபோது, "எங்கப்பா இப்படிக் கேப்பாரா? நான் பாத்ததே இல்லையேளா" என்றாள்.

சொல்ல வந்தது வேறு. கடைக்கும் ஆபீசுக்கும் ஒரே லேண்ட்லைன். கீழே ஒரு கருவி, மேலே ஒன்று. கீழே அண்ணாச்சி எடுத்தால் மேலே சத்தம் பாதியாக மங்கிவிடும், கூடவே கடை இரைச்சலும் கேட்கும். இன்று நான் ஒரு பள்ளிக்கூடத் தாளாளரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி நடுவில் புகுந்து, "வத்தல் லோடு எப்ப வரும்" என்று அவரைக் கேட்டுவிட்டார்.

ஜூன் 17 – செவ்வாய்

இன்று திட்டு வாங்கினேன். பொட்டலத்தில் ஒரு விதி: 0461 என்று எங்கள் தூத்துக்குடி லேண்ட்லைன் கோடில் ஆரம்பிக்கிற எண்ணைக் கண்டால் அதைப் பச்சைப் பொத்தானாக மாற்று, தொட்டால் போன் போகட்டும். செல் நம்பருக்குத் தனி விதி இருக்கிறது. அரைகுறை எண்களை வைத்துச் சோதித்தபோது அது பாதி எண்ணோடு வேறு எதையோ ஒட்டி, ஊருக்குள் தூவிபுரத்தில் யாரோ ஒரு வீட்டம்மாவை நாலு தடவை கூப்பிட்டுவிட்டது. "வேலவெட்டி இல்லையா உங்களுக்கு" என்று ஆரம்பித்து ஒரு பாட்டம் தீர்த்தார். பாவம், நியாயம்தானே.

அதனால் ஒரு வரி சேர்த்தேன். 0461-க்குப் பிறகு எண் குறைந்தால் எங்கள் ஆபீஸ் நம்பருக்கே அடி. சோதனைக்குத்தான். பிறகு எடுத்துவிட வேண்டும். பகவதி எட்டயபுரத்தில் ஒரு பட்டாசுக் கடைக்காரரைப் பார்க்கப் போயிருந்தாள். வந்ததும் சொல்ல வேண்டும்.

ஜூன் 27 – வெள்ளி

வெளியிடலாம் என்றேன். இரண்டு பேர் பெயரும் போட்டு. பகவதி மறுபடி, "அவசரப்படாத, இன்னும் பத்து சைட்டுல பாத்துருவோம்" என்கிறாள். இது நாலாவது தடவை. அவளுக்கு வெளி உலகம் தெரியும், எனக்குத் தெரியாது. சரி, பத்து.

ஜூலை 8 – செவ்வாய்

பகவதி வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்துவிட்டதாம். அவளும் போகிறாள். அழுதாள். நானும்தான். "அங்கன இருந்தே வேலை பாப்பேன், தினமும் பேசுவோம்" என்றாள். பொட்டலம் முழுவதும் ஒரு நகல் வேண்டுமாம், அங்கே சோதிக்க.

ஜூலை 13 – ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். முந்திரி மக்ரூன் இரண்டு பெட்டி, பென் டிரைவ் ஒன்று. பென் டிரைவைக் காகிதத்தில் மடித்து நூல் சுற்றிக் கொடுத்தேன், அவள் அப்பா கட்டுகிற மாதிரி. சிரித்தாள். கடவுச்சொல்லையும் அவள் உள்ளங்கையிலேயே பேனாவால் எழுதினேன்.

நான்தான் எழுதினேன். என் கையால்.

(இந்தக் கடைசி வரி ஆகஸ்ட் 26 அன்று சேர்த்தது.)

ஆகஸ்ட் 5 – செவ்வாய்

மாதா கோயில் தேர். ஊரே அங்கே, ஆபீஸ் பூட்டு. பகவதியை இந்த வாரம் மூன்று முறை கூப்பிட்டேன். "மீட்டிங்ல இருக்கேன்ளா." என்ன மீட்டிங்?

ஆகஸ்ட் 21 – வியாழன்

ஒரு அம்மா லேண்ட்லைனில் கூப்பிட்டு, "நாலு அறுபத்தி ஒண்ணு மயில் கழுத்துக் கலர்ல இருக்குங்களா" என்றார். என்னது என்றேன். "பெட்ஷீட்டுங்க." ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22 – வெள்ளி

மறுபடி பெட்ஷீட். இந்த முறை அண்ணாச்சி கீழே எடுத்தார். "பெட்ஷீட்டு இல்ல தாயி. உளுந்து இருக்கு, கொத்தமல்லி இருக்கு."

ஆகஸ்ட் 25 – திங்கள்

இன்று மட்டும் ஆறு பேர். எல்லாருக்கும் அதே நாலு அறுபத்தொன்று. அண்ணாச்சி டெலிபோன் ஆபீசுக்கே போய், "லைனை மாத்திக் குடுத்துட்டீங்க" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தார்.

ஆகஸ்ட் 26 – செவ்வாய்

இன்று ஒருவரை வைக்கவிடாமல் கேட்டேன். ஐயா, இந்த நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? "கரூர் மொத்தக் கடை சைட்டுலதாங்க. பெட்ஷீட் பக்கத்துலயே பச்சை பட்டன் இருக்குதே."

என் போனில் திறந்தேன்.

அழகாக இருந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். எண்ணூறு பெட்ஷீட், ஒன்றின் கீழ் ஒன்றாக, படம் மேலே, அளவு அதன் கீழே, கடைக்காரரின் வரலாறு ஆகக் கடைசியில். இழுக்க வேண்டாம், பெரிசாக்க வேண்டாம். 0458, 0459, 0460. அப்புறம் 0461, அதற்கு மட்டும் ஒரு பச்சைப் பொத்தான். அப்புறம் 0462.

அந்தப் பொத்தானைத் தொட்டேன். என் மேசையில் இருந்த லேண்ட்லைன் அடித்தது.

ஆகஸ்ட் 27 – புதன்

பக்கத்தின் அடியில் ஒரு கோயம்புத்தூர் கம்பெனியின் பெயர். பொட்டலத்துக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருக்கிறார்கள். "உருவாக்கியவர்" என்று பகவதியின் படம். நீலப் புடவை. தூத்துக்குடியில் நான் எடுத்துக் கொடுத்த புடவை.

அவள் ஒரு வரி எழுதினாளா? ஒரே ஒரு வரி? படித்தாவது பார்த்தாளா? படித்திருந்தால் நான் எடுக்க மறந்த அந்தச் சோதனை வரியைப் பார்த்திருப்பாளே. பாவி. பத்து சைட்டுல பாத்துருவோம், பத்து சைட்டுல பாத்துருவோம்னு சொல்லிச் சொல்லி என்கிட்ட வேலை வாங்கியிருக்கா. நான் பல்லைக் காட்டிக்கிட்டுப் பாத்துக் குடுத்தேன். மக்ரூன் வேற. ரெண்டு பெட்டி.

இந்தத் தப்பு மட்டும் என்னுடையது. உலகத்தில் எண் என்றால் 0461-ல் ஆரம்பிக்கிற போன் நம்பர்தான் என்று நினைத்த மடச்சி நான். தூத்துக்குடித் தளங்களை மட்டும் வைத்துச் சோதித்தால் அப்படித்தான் தோன்றும். மற்றது எல்லாம் போய்விட்டது. தப்பு மட்டும் என்னைத் தேடி வீட்டுக்கு வந்திருக்கிறது.

சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 29 – வெள்ளி

அண்ணாச்சி மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார், கையில் பேப்பர். "ஏளா ஈவா, பாரு, பகவதி வந்திருக்கா." பெண்களுக்கான பக்கத்தில் அரைப் பக்கம். கண்ணாடி இல்லாமல், தூரத்தில் பிடித்துக்கொண்டு எனக்கே வாசித்துக் காட்டினார்.

மளிகைக் கடையில் அப்பா சாமான் அடுக்கும் முறையைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்ததால் இந்த யோசனை வந்ததாம். வாசிக்கும்போது அவர் குரல் தழுதழுத்தது. "இத்தனை நாளு என்னைக் கவனிச்சிருக்காளா அவ. எனக்குத் தெரியவே தெரியாது பாத்துக்க."

அப்பா அவளுடையவர்தான். பார்த்தது நான்.

அடுத்த வரியையும் வாசித்தார். "தட்டச்சு வேலைகளுக்கு மட்டும் ஊரில் ஒரு உதவியாளர் இருந்தார்." வாசித்துவிட்டு அப்படியே அடுத்த வரிக்குப் போய்விட்டார். யாரைச் சொல்கிறது என்று அவருக்கு உறைக்கவில்லை.

"ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி" என்றேன். வேறு என்ன சொல்ல? எழுபத்தோரு வயது. மூன்று பிள்ளைகளில் பேச்சு வார்த்தை உள்ளவள் இவள் ஒருத்திதான்.

சாயங்காலம் இறங்கும்போது பார்த்தேன். தராசுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், பசை போட்டு ஒட்டியிருக்கிறார்.

செப்டம்பர் 2 – செவ்வாய்

டிக்சனிடம் எல்லாம் சொன்னேன். "அவங்க சைட்டுக்குள்ள நம்ம ஆபீஸ் நம்பர் இருக்குல்லா. அதைவிட என்னளா அத்தாட்சி வேணும்? கேஸ் போடு. முதல்ல கீழ இருக்க மனுஷன்ட்ட சொல்லு. அவரு கடையில உக்காந்துக்கிட்டு நீ ஏன் முழுங்குத?"

"அவருட்ட சொல்ல முடியாது."

"ஏன்?"

"அந்தப் பேப்பரை ஒட்டியிருக்க விதத்தைப் பாத்தா நீங்களும் சொல்ல மாட்டீங்க."



செப்டம்பர் 6 – சனி

பகவதி எடுத்துவிட்டாள். புது நம்பரிலிருந்து கூப்பிட்டதால்.

கத்தக் கூடாது என்று எண்ணியிருந்தேன். கத்தவில்லை. "ஏன் பகவதி?" என்று மட்டும் கேட்டேன்.

"உன் பேரைச் சொன்னா கம்பெனில உன்னைய நேர்ல கூப்பிடுவாங்க ஈவா. நீ வந்து அவங்கள்ட்ட சண்டை போடுவ. உனக்கே தெரியும்லா உன் வாயி. எல்லாம் கெட்டிருக்கும்."

"உதவியாளர்னு போட்டிருக்கு."

"அது பேப்பர்காரன் போட்டது."

"நீ சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும், ஊர்ல ஒரு ஆளு உண்டுன்னு?"

"நீயும் அதை வெளியிடவே போறதில்லை. இன்னும் பத்து வருஷம் தடவிக்கிட்டே இருந்திருப்ப" என்றாள்.

வெளியிட வேணாம்னு சொன்னது யாரு? நாலு தடவை. தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன் இதுலயே. என் முகத்துக்கு நேரே, அவ செஞ்சதை எடுத்து, என்மேலயே திருப்பிப் போடுதா. இதைத்தான் தாங்க முடியலை. எடுத்ததைக்கூட விட்டுத் தொலைக்கலாம்.

செப்டம்பர் 15 – திங்கள்

குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள். குழைந்த குரல். "ஈவா, அந்தப் பச்சை பட்டன் எங்கன இருந்துளா வருது? 0461-ஐத் தேடி எடுத்தா நம்ம ஊரு சைட்ல இருக்க லேண்ட்லைன் பட்டன் எல்லாம் போயிருது. இங்க கேக்காங்க. ஒரு நிமிஷம் சொல்லிரேன்."

எழுதினேன்: "நீதான எழுதுன. தேடு."

அவள் நம்பரைத் தடுத்துவிட்டேன். மத்தியானம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று வாரத்தில் முதல் முறையாக ருசி தெரிந்தது.

செப்டம்பர் 19 – வெள்ளி

கரூரோடு நிற்கவில்லை. இன்று மதுரையில் ஒரு நூலகத்திலிருந்து, புத்தக எண் 0461. சேலத்தில் ஒரு ஸ்கேட்டிங் போட்டி, பங்கேற்பாளர் எண் 0461. பையனின் அம்மா, "எம் பையன் செலக்ட் ஆயிட்டானா மேடம்" என்கிறார். அவர்கள் புதிதாகப் பிடிக்கிற ஒவ்வொரு தளத்திலும் நானூற்று அறுபத்தோராவது ஆள் என்னைக் கூப்பிடுகிறார்.

கூப்பிடட்டும். ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் அவள் அங்கே பதில் சொல்ல வேண்டும். எனக்கு இனிக்கிறது. பொய் சொல்வானேன்.

செப்டம்பர் 24 – புதன்

காலை பத்து மணி இருக்கும். ஒரு ஆள். கிராமத்துக் குரல், திருச்சிப் பக்கம். "ஆஸ்பத்திரிங்களா?" இல்லை என்பதற்குள் அவரே பேசிக்கொண்டு போனார்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தின் சைட்டில் டோக்கன் வரிசை போட்டிருக்கிறார்கள். ரிப்போர்ட் தயார், தயார், தயார் என்று. அவர் மகள் டோக்கன் 0461. பன்னிரண்டு வயது. பத்து நாளாகக் காய்ச்சல்.

"மத்த புள்ளைங்களுக்கெல்லாம் சும்மா ரெடின்னு போட்டிருக்குங்க. எம் மகளுக்கு மட்டும் போன் பண்ணுன்னு பட்டன் வச்சிருக்கீங்க. மோசமான வியாதிங்களா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறேன், அவ அம்மாவுக்கு இன்னும் சொல்லல."

நான் சொன்னேன். ஐயா, அது கம்ப்யூட்டர் கோளாறு. உங்கள் மகளுக்கும் அந்தப் பொத்தானுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த நம்பர் யாருக்கு வந்திருந்தாலும் பொத்தான் வந்திருக்கும். அவர் நம்பவில்லை. "நீங்க யாருங்க?" என்றார்.

"அந்தப் பொத்தானை வச்சவ."

அவர் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பரிசோதனை நிலையத்தின் நம்பரைத் தேடி எடுத்து, நானே அங்கே பேசி, ரிப்போர்ட்டில் பயப்பட ஒன்றும் இல்லை, டாக்டரிடம் காட்டினால் போதும் என்று கேட்டு, திரும்ப அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அழுதார். பஸ் சத்தத்தில் அழுகை சரியாகக் கேட்கவில்லை.

ஒன்பது நாளாக எனக்கு இனித்தது இதுதானா?

செப்டம்பர் 25 – வியாழன்

கோயம்புத்தூர் கம்பெனிக்கு என் பெயரில் மின்னஞ்சல். எந்தக் கோப்பு, எத்தனாவது வரி, அதை எப்படி மாற்ற வேண்டும். அந்த வரி ஏன் அங்கே வந்தது, ஜூன் 17 அன்று தூவிபுரத்து அம்மாவிடம் திட்டு வாங்கியது உட்பட. கடைசியில்: "இதை எழுதியவள் நான். சந்தேகம் இருந்தால் அந்த வரியில் உள்ள நம்பருக்குக் கூப்பிடுங்கள்."

வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பேரம் மாதிரி ஆகிவிடும். அந்த மனுஷன் பஸ் ஸ்டாண்டில் நின்றதற்கு நான் பேரம் பேச முடியாது.

செப்டம்பர் 27 – சனி

பதில் வந்தது. "சப்போர்ட் டீமுக்கு நன்றி. திருத்தம் சேர்க்கப்பட்டது."

சப்போர்ட் டீமாம்.

செப்டம்பர் 29 – திங்கள்

இதை மறைக்காமல் எழுத வேண்டும்.

மத்தியானம் இரண்டரைக்கு லேண்ட்லைன் அடித்தது. பகவதி. அவள் செல்லைத் தடுத்திருக்கிறேன் அல்லவா, அதனால். இரண்டிலிருந்து நாலு வரை அப்பா வீட்டில் தூங்குவார் என்று கணக்குப் பார்த்துத்தான் அடித்திருக்கிறாள். ஆனால் இன்று எட்டயபுரத்திலிருந்து வத்தல் லோடு வந்திருந்தது. அண்ணாச்சி சாப்பிடக்கூடப் போகவில்லை.

"ஈவா, வச்சிராத. அந்த மெயிலுக்கு அப்புறம் என்னையத் துருவுதாங்க. இந்த வாரம் உன்னைக் கூப்பிடுவாங்க. நான் சொல்லச் சொல்ல நீ டைப் அடிச்சேன்னு மட்டும் சொல்லிரு. அவ்வளவுதான். நம்ம பழக்கத்துக்கு இதைக்கூடச் செய்ய மாட்டியா?"

அப்போது அவள் குரல் பாதியாக மங்கியது. ரிசீவருக்குள் மூட்டை இறக்கும் ஆட்களின் சத்தம் கேட்டது.

அண்ணாச்சி கீழே எடுத்துவிட்டார்.

எனக்குத் தெரியும். அந்த நொடியே தெரியும். பதினோரு வருஷமாகத் தெரிந்த சத்தம். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், பதற்றத்தில் கவனிக்கவில்லை. "பகவதி, வை, அப்பா லைன்ல இருக்காரு" என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தானே.

சொல்லவில்லை. கேட்டேன்.

"பகவதி, ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லு. பொட்டலத்தை எழுதுனது யாரு?"

"நீதான். அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுத?"

"உங்கப்பா சாமான் அடுக்குததைப் பாத்தது?"

"நீதான் ஈவா. எல்லாம் நீதான். நான் அந்தக் கடையில ஒரு நாளு நின்னிருப்பேனா? பேப்பர்ல சொல்லதுக்கு நல்லா இருந்திச்சு, சொன்னேன். அப்பாட்ட மட்டும் எதுவும் சொல்லிராத, என்ன?"

டக் என்று ஒரு சத்தம். அவள் குரல் மறுபடி தெளிவாக, முழுசாகக் கேட்டது. "ஹலோ? ஈவா? என்ன சத்தம் அது?"

வைத்துவிட்டேன்.

ஒரு மாதமாக அவரிடம் சொல்ல மனசு வரவில்லை, அவரை நோகடிக்கக் கூடாது என்று பெருமையாக எழுதி வைத்தேனே. சொன்னால் நான் சொன்னது ஆகிவிடும். அவள் வாயாலேயே கேட்க வைத்தேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் செய்தாள். நான் அவருக்குச் செய்ததற்கு என்ன பெயர்?

ஏழு மணி வரை மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். கடை பூட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் இறங்கினேன்.

அக்டோபர் 1 – புதன்

அண்ணாச்சி நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானும் பார்ப்பதில்லை. பேப்பர் இன்னும் தராசுக்கு மேலே இருக்கிறது.

அக்டோபர் 3 – வெள்ளி

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். எழுதியது நான் என்றேன். முழுவதையும், முதல் வரியிலிருந்து. "நோட் பண்ணிக்கிறோம் மேடம்" என்றார். பண்ணிக்கொள்ளட்டும்.

பெட்ஷீட் அழைப்புகள் அடியோடு நின்றுவிட்டன. சில நேரம் ரிசீவரை எடுத்து லைன் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அக்டோபர் 7 – செவ்வாய்

வேறு இடம் பார்க்கச் சொல்லி டிக்சனிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். அந்த மாடிப்படியில் ஏறி இறங்க முடியவில்லை என்றேன்.

அக்டோபர் 11 – சனி

காலையில் சீனி, காப்பித்தூள், பருப்பு எல்லாம் வாங்க வேண்டியிருந்தது. வேறு கடைக்குப் போகலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன், பிறகு திரும்பி வந்தேன். எத்தனை நாள் ஓடுவது?

கடையில் ஞானையா சார் நின்றிருந்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். அவர், "அண்ணாச்சி, நம்ம கப்பல் டேபிளைப் பாத்துட்டு ஹார்பர்ல நாலு ஏஜென்ட் கேக்காங்க. உம்ம மக கோயம்புத்தூர்ல இருக்காள்லா, அவ நம்பரைக் குடும். அவதான அதைச் செஞ்சது, பேப்பர்லகூட வந்திச்சே" என்றார்.

அண்ணாச்சி சீனியைக் காகிதத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. இந்தப் பக்கம் மடித்தார், அந்தப் பக்கம் மடித்தார், நூலைச் சுற்றினார், பல்லால் கடித்து அறுத்தார்.

"அதை எம் மக செய்யலை" என்றார். "இந்தா நிக்காளே, மேல இருக்க பிள்ள, இவதான் செஞ்சது. பேப்பர்ல வந்தது பொய்யி."

அந்த இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஞானையா சார் தொண்டையைச் செருமினார். நான் தராசுக்கு மேலே பார்த்தேன். பேப்பர் இல்லை. ஒட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து சின்னச் சின்னதாக நாலு பொத்தல்.

ஒரு மாதமாக இந்த வார்த்தையை யாராவது சொல்ல மாட்டார்களா என்றிருந்தேன். அதைச் சொல்கிற ஆள் இவராக இருந்திருக்க வேண்டாம்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க போனை எடுத்தது எனக்குத் தெரியும்" என்றேன். எப்படியோ வந்துவிட்டது. "தெரிஞ்சுதான் கேட்டேன்."

"தெரியும் பிள்ள" என்றார். பையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, வழக்கம் போலக் கேட்டார். "வீட்டுக்குப் போனதும் என்னத்த அடுப்புல ஏத்துவ?"

"காப்பி."

சீனியையும் தூளையும் மேலே வைத்தார்.

மாடிக்கு ஏறும்போது போன் அடிக்க ஆரம்பித்தது. எப்போதும் இரண்டாவது மணிக்குள் அவர் கீழே எடுத்துவிடுவார். இன்று எடுக்கவில்லை. நான் பூட்டைத் திறந்து, பையை இறக்கி வைத்து, மேசைக்கு வரும் வரை அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். சத்தம் மங்கவே இல்லை.